மூன்றாம் நோயாளியின் மதிப்பெண்கள்

நெய்வேலிக்கு வந்த புதிதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இங்குள்ள வீட்டு எண்கள்தான். கோவில்பட்டியில் எங்கள் தெருவில் பதினெட்டாம் எண்ணுக்குப் பக்கத்து வீடு நாற்பத்திரண்டு. ஏன் என்று கேட்டால் தபால்காரரே சிரிப்பார். இங்கே அப்படி இல்லை. பிளாக், தெரு, குவார்ட்டர்ஸ் எண் எல்லாம் வரிசைப்படி இருக்கும். ஒரு முகவரியைக் கையில் கொடுத்தால் யாரையும் கேட்காமல் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒழுங்கு இருக்கிற இடத்தில் எனக்குச் சோறு நன்றாக இறங்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். என்னை யாரும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை. உங்கள் ரைட்டர் இரண்டு முறை டீ வாங்கிக் கொடுத்தார். மரியசெல்வி உங்களிடம் கொடுத்த நோட்டுப் புத்தகத்தில் இருப்பது அத்தனையும் உண்மை. அவள் எழுதாமல் விட்டதையும் நானே சேர்த்து எழுதுகிறேன், பாதி விவரம் இருப்பது எனக்குப் பிடிக்காது.

என் பெயர் சங்கரலிங்கம். வயது முப்பத்திரண்டு. உளவியலில் எம்.ஏ. படித்திருக்கிறேன். 1979 ஜனவரியில், டவுன்ஷிப்புக்கு வெளியே பண்ருட்டி ரோட்டில் டாக்டர் சக்கரபாணி நடத்தும் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். டாக்டருக்கு வயதானவர்களின் மறதி நோயில் அக்கறை உண்டு. டவுன்ஷிப்பில் பையனுக்கு வேலை பெர்மனென்ட் ஆனதும் ஊரிலிருந்து அப்பாவையோ அம்மாவையோ அழைத்து வந்து வைத்துக்கொள்வார்கள். அவர்களில் சிலர் மறக்கத் தொடங்குவார்கள். அடுப்பில் வைத்த பாலை மறப்பவரும் உண்டு, பெற்ற பிள்ளையை மறப்பவரும் உண்டு. நோய் எந்த அளவு முற்றியிருக்கிறது என்று சொல்வதுதான் என் வேலை. அதற்கு ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் உதவாது. உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும்.

வெளிநாட்டு வினாத்தாள்களைப் பார்த்து நானே தமிழில் முப்பது கேள்விகள் தயாரித்தேன். இன்று என்ன தேதி, சொந்த ஊர் எது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லுங்கள், இப்படிப் போகும். ஒரு கேள்விக்கு ஒரு மதிப்பெண். இருபத்துநான்கும் அதற்கு மேலும் என்றால் நல்ல நினைவு. பத்துக்குக் கீழே போனால் நோய் முற்றிவிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். எடுத்துக் கொடுக்கக் கூடாது. சரியா தப்பா என்று முகத்திலும் காட்டக் கூடாது. இந்த விதிகளை நானே எழுதினேன், ஒருநாளும் நான் அவற்றை மீறியதில்லை.

சந்தியாகு எனக்கு மூன்றாவது நோயாளி. அறுபத்தேழு வயது. கிணறு வெட்டும் தொழிலாளியாக இருந்தவர். மனைவி இறந்தபின் மகள் மரியசெல்வியோடு குவார்ட்டர்ஸில் இருந்தார். மருமகன் தைரியநாதனுக்கு நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் வேலை. மரியசெல்வி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தாள். அப்பா இரண்டு முறை அடுத்த வீட்டுக்குள் நுழைந்து பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டார் என்று பயந்துபோய் அழைத்து வந்தாள்.

அதற்கு அவர் சொன்ன சமாதானம் எனக்கு நினைவிருக்கிறது. எல்லா வீடும் ஒரே அச்சில் கட்டியது, கதவுக்குப் பச்சை பெயிண்டும் ஒன்று, அவர்கள் பானையும் தன் மகள் வீட்டுப் பானையும் ஒரே குறிஞ்சிப்பாடிச் சந்தையில் வாங்கியது, தண்ணீர் ருசியும் ஒன்று, பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டார். நோயாளிகள் இப்படிச் சாமர்த்தியமாகச் சமாளிப்பார்கள் என்று படித்திருந்தேன். தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

அன்று 1979 பிப்ரவரி 14. தேதி கேட்டேன். லூர்து மாதா திருநாள் முடிந்து மூன்று நாள் ஆகிறது என்றார். எண்ணாகச் சொல்ல வேண்டும் என்பது விதி, அதனால் மதிப்பெண் இல்லை. சொந்த ஊர் இலந்தைக்குட்டை என்றார். அது எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு இல்லை என்றார்.

"எப்படி இல்லாமல் போகும்?"

"அத சக்கர மெஷின் தின்னுபுடுச்சுங்க. மொதல்ல புளியந்தோப்பு, அப்பறம் சவேரியார் கோயிலு, அப்பறம் எங்க வூடு. இப்ப அங்க எரநூறு அடிக்குப் பள்ளந்தான் இருக்குது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லை. நான் வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அறையை விட்டால் கிளினிக், கிளினிக்கை விட்டால் அறை. மைன்ஸ் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. 'இல்லாத ஊரைச் சொந்த ஊர் என்கிறார். இயந்திரம் வீட்டைத் தின்றதாக நம்புகிறார்' என்று எழுதினேன். சரிபார்க்காமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை. அன்று மாலையே தாலுகா கிராமப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். இலந்தைக்குட்டை அதில் இல்லை. ஊர், ஊர்க்கோயில், ஊருக்குப் போகும் வழி என்று அதைச் சுற்றியிருந்த கேள்விகள் எல்லாம் போயின. மொத்தம் பதினைந்து. நடுத்தர நோய்.

ஏப்ரலில் சென்னையில் ஒரு மாநாடு. ஐந்து நோயாளிகளின் மதிப்பெண்களோடு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவை எப்படி இறங்கும் என்றும் கணித்துக் காட்டினேன். மூன்றாம் நோயாளி: ஆகஸ்டில் பன்னிரண்டு, அடுத்த பிப்ரவரியில் எட்டு, அதற்கடுத்த ஆகஸ்டில் நான்கு. கணிப்பு பலித்தால் கட்டுரையை அச்சிடலாம், மாநிலம் முழுக்க இந்தத் தாளையே பயன்படுத்தச் சொல்லலாம் என்று ஒரு பேராசிரியர் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காக நாலு பேர் கைதட்டியது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்தை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

மே மாதம் தைரியநாதன் பாஸ் வாங்கி என்னை மைன்ஸ் பார்க்க அழைத்துப் போனார். கம்பெனி பஸ்ஸில் போனோம். பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் எதிர்க்கரையில் ஆட்கள் எறும்பாகத் தெரிந்தார்கள். பெரிய சக்கரம் ஒன்று சுற்றிச் சுற்றி மண்ணை வாரி, ஓடுகிற பெல்ட்டில் கொட்டிக் கொண்டிருந்தது. தைரியநாதன் கையை நீட்டிக் காட்டினார்.

"அதோ பெல்ட் திரும்புதே, அந்த எடத்துலதான் சார் எங்க மாமனாரு ஊரு இருந்துச்சு. இலந்தைக்குட்டை. அவுரு வூட்ட வாரும்போது நான்தான் டூட்டில இருந்தேன். பாக்க வந்து நின்னுகினு இருந்தாரு."

வெயில் கடுமையாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த ஒன்று, இரண்டு பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. தைரியநாதன் மோர் வாங்கித் தந்தார். குடித்துவிட்டு, நல்ல மோர் என்றேன்.

ஜூனில் சந்தியாகுவை மறுபடி வரவழைத்து, யாரிடமும் சொல்லாமல் ஒருமுறை சோதித்தேன். இருபத்தேழு. கிழமைகளைப் பின்னாலிருந்து மட்டுமல்ல, ஒன்று விட்டு ஒன்றாகவும் சொல்லிக் காட்டினார். "இந்தத் தபா பாஸுங்களா சார்?" என்று சிரித்தார். பார்க்கலாம் என்றேன்.

அவருக்கு மறதி நோய் இல்லை என்பது எனக்கு அன்றே தெரியும். இதை நீங்கள் அடிக்கோடிட்டுக் கொள்ளலாம்.

பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒருவர் விஷயத்தில் தவறு என்றால் மற்ற நால்வர் மேலும் சந்தேகம் வரும். தாளைத் தூக்கிப் போடுவார்கள். எத்தனையோ வீடுகளில் உண்மையான நோயாளிகள் கிடக்கிறார்கள், பிறகு அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? இன்னொரு வழி, பொய் மதிப்பெண் போடுவது. இருபத்தேழு வாங்கியவருக்குப் பன்னிரண்டு என்று எழுத இரண்டு வினாடி போதும், யாருக்கும் தெரியப் போவதுமில்லை. அதை நான் செய்யவில்லை. என் கை அதற்கு வராது. எங்கள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார், சொந்தப் பிள்ளைக்கே அரை மார்க் கூடுதலாகப் போடாதவர். ஆக, தாளையும் மாற்ற முடியாது, மதிப்பெண்ணையும் மாற்றக் கூடாது. சந்தியாகு மட்டும்தான் மிச்சம். ஜூலை முதல் தேதி மரியசெல்வியைக் கூப்பிட்டு ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னேன்.

அப்பாவின் நோய் உள்ளுக்குள் வளர்கிறது, வெளியில் நன்றாகத் தெரிவதுதான் இதன் அபாயம் என்று சொன்னேன். அவள் அழுதாள். அவளைத் தேற்றிவிட்டு, செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவள் எழுதிக்கொண்டாள். தேதி கிழிக்கும் காலண்டரைக் கழற்றிவிட வேண்டும். ரேடியோவை மூடிவைக்க வேண்டும். டீக்கடைக்கும் பூசைக்கும் அனுப்பக் கூடாது, கூட்டம் அவர் மூளையைக் களைப்பாக்கும். இலந்தைக்குட்டையைப் பற்றிப் பேசினால் அப்படி ஓர் ஊரே இருந்ததில்லை என்று மெல்லச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டார் பெயரைச் சொன்னால் வேறு பெயர் சொல்ல வேண்டும்.

கடைசி இரண்டைச் சொன்னபோது அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நோய் அந்தப் பழைய நினைவுகளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது என்றேன். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதிக்கொண்டாள். நல்ல பெண், ஒரு வரி விடாமல் செய்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூக்க மாத்திரை. டாக்டர் சக்கரபாணி காலையில் பத்து வெற்று மருந்துச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, என்னை நம்பினார். இரண்டு மணிக்குத் தூங்குபவர் விளக்கு வைத்தபின் எழுந்து, விடிந்துவிட்டது என்று பல் விளக்கப் போவார். முன்பெல்லாம் ஷிப்ட் சங்கைக் கேட்டு நேரம் சொல்வார். ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டச் சொன்னேன், காதில் பஞ்சும் வைக்கச் சொன்னேன்.

ஆகஸ்டில் பதினெட்டு வாங்கினார். பதினெட்டு என்றே அனுப்பினேன். முதல் முறை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், அடுத்ததைப் பார்ப்போம் என்று பேராசிரியர் கார்டு எழுதினார்.

அக்டோபரில் தைரியநாதனுக்கு வேறு பிளாக்கில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவர் தயங்கினார், நான்தான் போகச் சொன்னேன். அந்த வீடு பழைய வீட்டைப் போலவேதான், ஆனால் திருப்பிக் கட்டியது. பழைய வீட்டில் இடப்பக்கம் இருந்த சமையலறை இதில் வலப்பக்கம், கொல்லைக் கதவு எதிர்மூலையில். அதை முன்கூட்டியே போய்ப் பார்த்து வந்திருந்தேன். அவர் மாத்திரையில் தூங்கும்போதே கட்டிலோடு தூக்கிப் போய், பழைய வீட்டில் இருந்தபடியே சாமான்களை வைக்கச் சொன்னேன். வீடு மாறியதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். எழுந்தவர் அடுப்படிக்குப் போவதாக நினைத்துச் சுவரில் போய் முட்டிக்கொண்டாராம். முட்டிய இடத்தில் நின்றபடி சுவரைத் தடவிக்கொண்டே இருந்தாராம். மரியசெல்வி இதைச் சொல்லும்போது புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதன்பிறகு இறக்கம் சீராக இருந்தது.

வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். ஜனவரியில் ஒருநாள் அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் கை அப்போதும் கல் மாதிரி இருந்தது. மகள் அடுப்படியில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் பேசினார்.

"சார், எம்பது அடிக் கெணத்துல எறங்கியிருக்கேன். உள்ள இருக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. பகலா, மழ வருதா, ஒண்ணும் தெரியாது. மேல கயிறு புடிச்சிகினு இருக்கறவன் சொல்றதுதான். நான் இப்ப அப்படித்தான் உள்ள இருக்கேன். எம் பொண்ணு பொய் சொல்றா, ஏன்னு தெரியல. நீங்கதான் மேல கயிறு புடிச்சிகினு இருக்கீங்கன்னு நெனச்சிகினு இருக்கேன். சொல்லுங்க, எங்க ஊரு இருந்துச்சா இல்லியா?"

அது முறையான சோதனை இல்லை. ஆனாலும் விதி விதிதான், எடுத்துக் கொடுக்கக் கூடாது. அப்படி ஓர் ஊர் இல்லை, ஐயா என்றேன். நீண்ட நேரம் என் கையை விடவில்லை. பிறகு, "அப்ப சரிங்க" என்றார். அதற்குப் பின் அவர் இலந்தைக்குட்டை பற்றி என்னிடம் பேசவேயில்லை.

பிப்ரவரியில் ஒன்பது. கணித்தது எட்டு. கட்டுரை கிட்டத்தட்ட உறுதி என்று பேராசிரியர் எழுதினார். அந்தக் கடிதத்தை அம்மாவுக்கும் அனுப்பிவைத்தேன்.

ஜூனில் என் தங்கை கல்யாணத்துக்கு மூன்று வாரம் கோவில்பட்டி போனேன். திரும்பி வந்து பார்த்தால் சந்தியாகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாத்திரை தீர்ந்துபோய், வாங்க என் சீட்டு இல்லாமல், மரியசெல்வி அப்படியே விட்டிருக்கிறாள். பகலில் முழித்திருக்கிறார் பாவம் என்று வெளியே உட்கார வைத்திருக்கிறாள். போகிற வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு, இது எந்த பிளாக், இன்றைக்கு என்ன கிழமை என்று கொஞ்சம் கொஞ்சமாக அவரே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வீடு திருப்பிக் கட்டியது என்பதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். தாளை எடுத்தேன். பத்தொன்பது.

அப்பா தெளிந்துவிட்டார் இல்லையா சார் என்று மரியசெல்வி கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அணையப் போகிறபோது இப்படி ஒருமுறை தூண்டிவிட்டது போல எரியும், இந்த நோயில் இது கடைசிக் கட்டம் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 14-க்கு ஏழு வாரம் இருந்தது. நான்கு மதிப்பெண் வர வேண்டும். மாத்திரையை மூன்று வேளையாக்கினேன், பிறகு அளவையும் கூட்டினேன். இவ்வளவு தாங்க மாட்டார் என்று தெரியுமா என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். தெரியும். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, வயதானவருக்கா சார் என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லித்தான் வாங்கினேன். ஜூலைக் கடைசியில் அவர் எழுந்து நடப்பது நின்றது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் கஞ்சி கடைவாயில் வழிய ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று தைரியநாதன் சொன்னார். பதினான்காம் தேதி வரை பொறுங்கள், அதன்பிறகு நானே கூட வருகிறேன் என்றேன்.

பதினான்காம் தேதி காலை பத்து மணிக்குப் போனேன். தைரியநாதன் முதல் ஷிப்ட் போயிருந்தார். சந்தியாகு மல்லாந்து படுத்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. மூச்சு தொண்டையில் கரகரவென்று வந்துகொண்டிருந்தது. மரியசெல்வி தலைமாட்டில் ஜெபமாலையோடு நின்றாள். இன்னைக்கு வேணாம் சார் என்றாள். தேதி ஏற்கெனவே குறித்தது என்றேன்.

முதல் கேள்வியைக் கேட்டு ஒரு நிமிடம் பொறுத்தேன். இரண்டாவதைக் கேட்டு ஒரு நிமிடம் பொறுத்தேன். குரலை உயர்த்தவுமில்லை, அவசரப்படவுமில்லை. பதினேழோ பதினெட்டோ ஆனபோது அந்தக் கரகரப்பு நின்றிருந்தது.

"சார், அப்பாவுக்கு மூச்சு வரல."

கையைக் காட்டி அவளை அமைதியாக இருக்கச் சொன்னேன். சோதனை நடக்கும்போது மற்றவர் பேசக் கூடாது. அவள் அவர் மார்பில் காதை வைத்தாள், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மீதிப் பன்னிரண்டு கேள்விகளையும் முறைப்படி கேட்டேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் தாளை மடித்து எழுந்தபோது அவள் அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவரை நான்தான் கொன்றேன் என்று எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மதிப்பெண்ணைத் திருத்தினேன் என்று உங்கள் ரைட்டர் முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருக்கிறார், அதை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். நான் கணித்தது நான்கு, அவர் வாங்கியது பூஜ்யம், பூஜ்யம் என்றுதான் எழுதினேன். இந்த வகைச் சோதனைகளில் நான்கு மதிப்பெண் வரை வித்தியாசம் வந்தால் கணிப்பு சரி என்றே எடுத்துக்கொள்வார்கள்.